அப்பாவின் உறக்கமும் ஜீப்பின் புகைக்குழாயும்

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போவேன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் மிஷினோடு மாட்டி, ரத்தத்தைச் சுத்தம் செய்து, சாயங்காலம் ஆளைத் திருப்பித் தருவார்கள். இதை நிறுத்தினால் அப்பா கொஞ்ச நாள்தான் தாங்குவார் என்று டாக்டர் முதல் நாளே என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அப்பா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வெளியே வந்து, காபி குடிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போய் வெகு காலம் ஆகிறது. நான் கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறிக் கொட்டகையின் சாவியை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து விசைத்தறிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நூல் வியாபாரிகள் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்கள். அப்பா ஒருவர்தான் நான் கத்தி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார்.

அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மரத்துப் போயிருந்தது. காலையில் எழுந்து, அவருக்கு உப்பில்லாமல் இட்லி அவித்து, தண்ணீரை அளந்து கொடுத்து, தறியை ஓடவிட்டு, கிழமை வந்தால் வண்டியை எடுப்பேன். சொந்தக்காரர்கள் பார்க்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினால், எப்போது கையை விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜீப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ராயகிரிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் அப்பா வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. மழைக்காலத்தில் ஓடையில் இறங்கி, சேற்றில் ஏறி, கிராமத்துத் தறிக்காரர்கள் வீடு வரைக்கும் நூல் பொதியைக் கொண்டுபோய்ப் போடுவதற்காக வாங்கினார். பெட்ரோலில் ஓடுகிறது. எல்லாரும் டீசல் என்ஜினுக்கு மாற்றிக்கொண்டபோது இவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். மேலே தார்ப்பாய், பக்கத்திலும் தார்ப்பாய்த் திரை. காரில் ஏறச் சொன்னால் அவருக்கு முழங்கால் மடங்காது. ஜீப்பின் முன்சீட்டு உயரமாக இருப்பதால், விளிம்பில் உட்கார்ந்து அப்படியே சறுக்கி உள்ளே போய்விடுவார். அதனால் ஆஸ்பத்திரிக்கும் ஜீப்தான் என்று ஆகிப்போனது.

தறிவீட்டுக்காரர்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, சத்தம் எங்களுக்குச் சத்தமாகத் தெரியாது. பிறந்ததிலிருந்து தறி காதுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடமே கூப்பாடு போட்டுத்தான் பேசுவோம். அப்பாவுக்கு ஒரு காது ஏற்கெனவே மந்தம். இன்னொன்று, எது அறுந்தாலும் முடிச்சுப் போடுவது. தறியில் இழை அறுந்தால் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, சேலையில் கோடு விழுந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டு ஓடவிட வேண்டும். இந்தக் கை வீட்டுக்குள்ளும் சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் வாளியின் பிடி, குழாயின் கழுத்து, ஃபேன் ரெகுலேட்டர், கொட்டகைக் கதவின் கீல், எல்லாமே ஏதாவது ஒரு கட்டில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

அப்பா நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் ஜீப்பின் என்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிற மூட்டில் போல்ட் ஒன்று ஒடிந்துபோனது. ஒர்க்ஷாப்புக்கு யார் போவார்கள்? அவரே கீழே படுத்து, சூடு தாங்குகிற வெள்ளைக் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் கம்பியை முறுக்கி, இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்து வந்தார். இனி ஓடும் என்றார். ஓடத்தான் செய்தது. கிளம்பும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும். பின்னால் தறி ஓடுகிற வீட்டில் யாருக்கு அது கேட்கும்?

இந்த வருஷம் ஆடிக்காற்று பேய்க்காற்றாக அடித்தது. மேற்கே இருந்து கிளம்பி ரோட்டு மண்ணை எல்லாம் அள்ளி மூஞ்சியில் எறிந்தது. அப்பாவுக்குக் கையில் ஊசி குத்துகிற இடத்தில் தூசி படக்கூடாது. குளிரும் தாங்காது. அதனால் ஜீப்பின் திரைகளை எல்லாம் இறக்கி, கொக்கியைப் போட்டு, ஓரத்துக்குத் துணி அடைத்து, காற்றே புகாமல் செய்துவிட்டேன். அப்பா கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே உறங்கிவிடுவார். பனவடலிசத்திரம் தாண்டும்போது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் தோளைப் பிடித்து உலுக்கினால்தான் கண்ணைத் திறப்பார். திரும்பி வரும்போதும் அதே உறக்கம். வீட்டில் இறக்கிவிட்டால் கட்டிலில் போய் விழுவார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை. வலிக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. தாத்தா எப்போதும் மயங்கினாற்போலவே இருக்கிறாரே என்று மிஷினைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் ஒரு நாள் கேட்டாள். ரத்தம் குறைவு, அப்படித்தான் இருக்கும் என்று நான் டாக்டர் மாதிரி பதில் சொன்னேன். எனக்கும் தலைவலி மண்டையைப் பிளக்கும். உறக்கம் போதவில்லை என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவேன். மேட்டில் ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். அதையும் உறக்கக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் முழுக்கக் கூட்டம். போலீஸ் பாதையை மாற்றிவிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜீப் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் மாட்டிக்கொண்டது. என்ஜினை அணைத்தால் திரும்ப எடுக்காது என்று பயந்து ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. திரையைத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டி ரோட்டிலேயே வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, வழி கிடைத்ததே என்று கிளட்சை விட்டேன் பாருங்கள், அடியில் கம்பி தெறித்தது. குழாய் கழன்று ரோட்டில் இடித்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி போட்ட சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட வந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கும் அப்பா எழுந்திரிக்கவில்லை.

எனக்கு அந்தச் சில நிமிஷம் மட்டும் மரத்துப்போனதெல்லாம் விட்டுப்போய் உடம்பு முழுக்கப் பயம்தான் இருந்தது. கன்னத்தில் தட்டினேன், பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்தேன், யப்பா யப்பா என்று கூப்பிட்டேன். திரைகளை எல்லாம் கொக்கியிலிருந்து பிடுங்கித் தூக்கிவிட்டேன். காற்று வந்து அடித்ததும் மெதுவாகக் கண்ணைத் திறந்து, மானூர் வந்துவிட்டதா என்று கேட்டார். மானூர் திருநெல்வேலிக்குக் கிட்டே இருக்கிறது. நாங்கள் இன்னும் ஊரைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

அன்றைக்கு வாடகைக் கார் பிடித்து, காலை நீட்டிப் பின்சீட்டில் படுக்கப்போட்டுக் கொண்டுபோனேன். மறுநாள் ஜீப்பை ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணாச்சிக்கு வாய் ஓயாது. வெயிலைத் திட்டுவார், கரண்டைத் திட்டுவார், ஸ்பானரைக் காணவில்லை என்று தன் கையிலேயே வைத்துக்கொண்டு திட்டுவார். எங்கள் ஜீப்பைக் கண்டதும், இது வண்டியில்லை, இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போடலாம் என்றார். பேசாமல் குனிந்து பாருங்கள் என்றேன்.

அடியில் போனவர் ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கரிப்பிடித்த கயிற்றுத் துண்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கத்தி வைத்து அறுத்தும் வர மாட்டேன் என்கிறது, எந்தப் புண்ணியவான் போட்ட முடிச்சு இது என்று கேட்டார். அப்பா என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் குனியச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். என்ஜினோடு குழாய் சேருகிற இடத்தில் இரண்டு தட்டுகள் ஒன்றோடு ஒன்று முகம் பொருந்த வேண்டும். கீழ்த்தட்டு பாதி வெடித்திருந்தது. போல்ட் ஒன்று உள்ளேயே முறிந்து கிடந்தது. நடுவில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் இருந்த சுவடே இல்லை. அங்கிருந்து கரித்தடம் ஏறி, கியர் கம்பி தரையைத் துளைத்து வண்டிக்குள் வருகிற ஓட்டையில் போய் முடிந்தது. அந்த ஓட்டையை மூடுகிற ரப்பர் கிழிந்து எந்தக் காலமோ ஆகிவிட்டது. அதற்கு நேர் பக்கத்தில்தான் அப்பா உட்காருவார்.

"இந்தப் புகைய உள்ள விட்டுட்டு, தெரையையும் இறக்கிவிட்டா ஓட்டுனிய? பெட்ரோல் புகையில இருக்க விஷத்துக்கு வாடையே தெரியாது தங்கச்சி. உறக்கந்தான் வரும். ரெண்டு பேரும் உசுரோட வந்து நிக்கியளே, அது பெரிசு."

எனக்கு அப்போது பதறியிருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வண்டி வேண்டும், அதுவரைக்கும் இன்னொரு கம்பியை வைத்து இறுக்கிக் கட்டிவிட முடியுமா என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். அந்த மனிதர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கட்டுகிற கதையை எல்லாம் தறியோடு வைத்துக்கொள், என் பட்டறையில் பேசாதே என்றார். என்னை யாரும் அப்படிப் பேசிவிட்டுப் போக முடியாது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வேலை லேசில் முடியவில்லை. துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறப்போட்டார். கேஸ் வைத்துச் சுட்டுத் திருகினார். ஒன்று வந்தது, அடுத்தது மளுக்கென்று ஒடிந்தது. அதற்கு ஒரு வசவு. உள்ளே மாட்டிக்கொண்ட துண்டுகளை நடுவில் துளைபோட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துளையைப் பெரிதாக்கிச் சுரண்டி எடுத்து, புதிதாகத் திருகுமரை போட்டார். வெடித்த தட்டை அறுத்து எறிந்துவிட்டு, லேத்தில் கனமான தகட்டில் புதுத்தட்டு கடைந்து வாங்கி வந்து, குழாயில் வைத்து வெல்டிங் அடித்தார். முகம் சமமாக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித்துண்டின் மேல் வைத்துப் பார்த்து, அரம் போட்டுத் தேய்த்தார். புதுக் கேஸ்கட்டை வைத்து, ஒரு நட்டை ஒரேயடியாக இறுக்கிவிடாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகு குழாயின் நடுவில் ஒரு தாங்கல் வைத்தார். இத்தனை நாளும் குழாயின் கனம் முழுக்க அந்த ஒரு மூட்டில்தான் தொங்கியிருக்கிறது. தாங்கல் இல்லாமல் எத்தனை தடவை மூட்டினாலும் ஒடியத்தான் செய்யும் என்றார். கியர் கம்பிக்குப் புது ரப்பரும் மாட்டினார்.

கடைசியாக வண்டியை ஓடவிட்டு, பின்னால் புகை வருகிற வாயில் ஈரச்சாக்கை வைத்து அமுக்கச் சொன்னார். நான் அமுக்கினேன். அவர் மூட்டுக்குக் கிட்டே கையை வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். என்ஜின் முக்கி முனகி நின்றுபோனது. புகைக்கு வேறு வழியில் போக இடமில்லை என்றால் என்ஜின் நிற்கத்தான் செய்யும், மூட்டு சரியாகிவிட்டது என்று எழுந்தார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வண்டியில் சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று இரண்டு தடவை கீழே பார்த்தேன். பனவடலிசத்திரம் தாண்டியது. வழக்கம்போல அப்பா பக்கம் திரும்பி, தலை பக்கத்துக் கம்பியில் இடிக்காமல் துண்டை வைக்கப் போனேன். அவர் முழித்துக்கொண்டிருந்தார். திரையைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னார். மழை பெய்திருக்கும் போல, மண் நிறம் மாறியிருக்கிறது என்றார். கரண்டு எடுக்கிற காற்றாடிகளைப் பார்த்துவிட்டு, இத்தனை எப்போது வந்தன என்று கேட்டார். அவை எத்தனையோ வருஷமாக அங்கேதான் நிற்கின்றன. தறியில் எந்த நூல் ஓடுகிறது, யாருக்குச் சேலை போகிறது, எல்லாம் விசாரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒன்று இன்னும் எனக்குள் இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அப்பா பேசிக்கொண்டே வந்தார் என்று சொன்னேன். அதற்கு அவர், டயர் ஒன்றும் தேய்ந்திருக்கிறது, பார்த்துக்கொள் என்றார்.

ஆனால் அன்றைக்கு மிஷினில் போட்டபோதும் அப்பா முழித்தே இருந்தார். ஊசி பெரிய ஊசி. அது உள்ளே போகும்போது அவர் பல்லைக் கடித்ததை முதல்தடவையாகப் பார்த்தேன். ரத்தம் குழாயில் வெளியே போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே கிடந்தார். குளிருகிறது என்று இரண்டு போர்வை கேட்டார். பக்கத்துப் படுக்கையில் வழக்கமாகப் படுத்திருப்பவர் எங்கே என்று நர்ஸிடம் விசாரித்தார். அவள் மிஷினைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த செவ்வாயும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பேச்சு குறைந்துவிட்டது. இறுக்கிய வாயோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த செவ்வாய், தேவர்குளம் தாண்டி ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வாந்தி வருகிறதா என்றேன். இல்லை என்றார். நிறுத்தினேன்.

"இனிமே போக வேண்டாம் மக்கா."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். போதும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நடு ரோட்டில் வைத்துச் சொல்கிற பேச்சா இது என்றேன். வெயிலில் வண்டி ஓட்டி வருகிறவளுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா என்றேன். அவருக்காக நான் செய்வதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன், இட்லி வரைக்கும். வழக்கம்போல நான் முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். நான் விடவில்லை.

"இம்புட்டு நாளும் வந்தியள்லா? அப்பல்லாம் ஒரு நாளாவது சொன்னியளா?"

"அப்ப நான் எங்கட்டி முழிச்சிருந்தேன்? ஏறுவேன், உறங்குவேன். ஊசி குத்துனதும் தெரியாது, வீடு வந்ததும் தெரியாது. இப்ப எல்லாந் தெரியுது. ஒண்ணு விடாமத் தெரியுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குறை சொல்கிற மாதிரியும் இல்லை. காற்று வந்து வேப்பங்கிளையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியைத் திருப்பினால் அரை மணி நேரத்தில் வீடு. திருப்பச் சொல்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. அவருடைய உடம்பு, அவருடைய வலி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தது. கை திருப்பவில்லை.

"நீங்களும் போயிட்டா எனக்கு யாருப்பா இருக்கா?"

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதம் வராதது, ஏங்கி ஏங்கி, மூக்கொழுக, ரோட்டோரத்தில், சின்னப்பிள்ளை மாதிரி. அப்பா என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

"சரி. எடு வண்டிய."

மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். நர்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தாள். தாத்தா இப்போதெல்லாம் முழித்துக்கொண்டே வருகிறாரே, நல்ல தெளிவாக இருக்கிறாரே, என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே ஊசியைப் பிரித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. எம் மவ வண்டியச் சரி பண்ணிட்டா" என்று சொல்லிவிட்டு, அப்பா கையை நீட்டிக் கொடுத்தார்.